மாரி போயும் படுக்கையறைச் சுவரில் பூஞ்சணம் போகவில்லை

சுகி_லிங்கநகர்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு திருகோணமலை லிங்கநகரில். சீமெந்துக் கல்லில் கட்டி, அஸ்பெஸ்டஸ் சீற் போட்டு, உள்ளே சீலிங் அடித்த வீடு. பின்பக்கப் படுக்கையறைதான் தலையிடி. கார்த்திகை மழையோடு அறைக்குள் ஒரு புழுங்கல் மணம் கிளம்பியது. அலுமாரியை இழுத்துப் பார்த்தால் பின்சுவர் முழுக்கக் கறுப்புப் புள்ளிகள். கூறைச்சேலை வைத்த பெட்டியின் அடியில்கூட சாம்பல் நிறத்தில் படர்ந்திருந்தது.

பொங்கலுக்கு முன் பெயின்ற் அடிப்பவரைக் கூப்பிட்டோம். சுரண்டிவிட்டு, பூஞ்சணம் பிடிக்காத பெயின்ற் என்று கடையில் தந்ததை இரண்டு கோட் அடித்தார். தைப்பூசம் வர முன்னமே அதே இடத்தில் திரும்ப வந்துவிட்டது. சின்ன மகனுக்கு 5 வயது. அந்த அறையில் படுத்தால் விடியப்புறம் இருமலும் இழுப்பும். இப்போது முன் ஹோலில் பாய் போட்டுப் படுக்கிறோம். இன்னொரு தரம் பெயின்ற் அடிக்க முன்பு, இது ஏன் வருகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். யாராவது அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மனையாவெளி_ரவி

அக்கா, பிளீச் போத்தல் ஒன்று வாங்கி, கொஞ்சம் வினாகிரியும் கலந்து ஸ்பிறே பண்ணுங்கள். இரண்டும் சேர்ந்தால் வேரோடு போகும் என்று சொல்வார்கள்.

தாதி_அக்கா

ரவி தம்பி, தயவுசெய்து அதை யாரும் செய்ய வேண்டாம். பிளீச்சும் வினாகிரியும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அமோனியா உள்ள கண்ணாடி துடைக்கும் திரவம், அமிலம் உள்ள ரொயிலற் கிளீனர், இவற்றோடு பிளீச் சேர்ந்தாலும் நச்சு வாயுதான். மூடிய அறைக்குள், அதுவும் இழுப்பு உள்ள பிள்ளை இருக்கிற வீட்டில், இது விளையாட்டு அல்ல.

பிளீச் பாவிப்பதென்றால் அதை மட்டும், 1 கப் பிளீச்சுக்கு 4 லீற்றர் தண்ணீர் என்ற அளவில், யன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு பாவியுங்கள். அதுவும் ரைல்ஸ், கண்ணாடி போன்ற உறிஞ்சாத இடங்களுக்குத்தான் சரி. பூச்சுச் சுவரில் அடித்தால் அதிலுள்ள தண்ணீர் உள்ளே இறங்கிவிடும், மருந்து மேலேயே நின்றுவிடும். நிறம் வெளுத்திருக்கும். உள்ளே இருப்பது அப்படியே இருக்கும்.

சுகி, மகனை அந்த அறைக்கு வெளியே படுக்கவைத்தது நல்ல வேலை. இழுப்பு வந்த இரவுகளைக் குறித்துவைத்து, கிளினிக்கில் வைத்தியரிடம் காட்டுங்கள். சுவரைத் திருத்துவது ஒரு பக்கம், இழுப்புக்கான பம்பும் மருந்தும் இன்னொரு பக்கம். ஒன்றுக்காக மற்றதைத் தள்ளிப்போடக் கூடாது.

பழைய_ரிஓ

மகள், நான் முப்பது வருடத்துக்கு மேல் கட்டட வேலைகளை மேற்பார்வை பார்த்தவன். ஓய்வுபெற்று உவர்மலையில் இருக்கிறேன். பூஞ்சணத்தின் வித்து எல்லா வீட்டுக் காற்றிலும் இருக்கிறது, அதை ஒழிக்க யாராலும் முடியாது. அதற்குத் தீனியும் பஞ்சமில்லை. பெயின்ற், தூசி, மரம், துணி, கடதாசி எல்லாமே தீனிதான். நம் கையில் இருப்பது தண்ணீர் ஒன்றுதான். ஆகவே எந்த மருந்து என்று கேட்க முன்பு, எங்கிருந்து தண்ணீர் வருகிறது என்று பார்க்க வேண்டும்.

சில விடயம் சொல்லுங்கள். கறை நிலத்திலிருந்து எவ்வளவு உயரத்துக்கு நிற்கிறது? சீலிங்கில் ஏதும் இருக்கிறதா? அந்தச் சுவர் எந்தத் திசையைப் பார்த்தது? வெளியே சுவரடியில் என்ன இருக்கிறது? அறையில் ஏசி உண்டா?

சுகி_லிங்கநகர்

ஐயா, நன்றி. நீங்கள் கேட்ட பிறகு ரோர்ச் அடித்து ஒவ்வொரு இடமாகப் பார்த்தேன். ஒரே மாதிரி இல்லை.

சுவரின் அடியில், முழங்கால் உயரம் வரை, பெயின்ற் பொக்களித்து உதிர்கிறது. அங்கே கறுப்பு இல்லை, வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஒன்று பூத்திருக்கிறது. விரலால் தொட்டால் பொடியாகிறது. அலுமாரிக்குப் பின்னால், இடுப்பிலிருந்து தோள் உயரம் வரைதான் அந்தக் கறுப்புப் புள்ளிகள். அலுமாரி நின்ற அளவுக்குச் சதுரமாக இருக்கிறது, பக்கத்தில் வெறும் சுவரில் இல்லை. மூன்றாவது, சீலிங்கின் மூலையில் தேத்தண்ணி நிறத்தில் ஒரு வட்டம், அதன் விளிம்பில் மட்டும் கறுப்பு.

சுவர் வடகிழக்கைப் பார்த்தது, வாடை நேரே அடிக்கும். வெளியே சுவரோடு ஒட்டி மல்லிகைப் பாத்தி. முன்னால் ஒழுங்கையை உயர்த்தி கொங்கிறீட் போட்ட பிறகு வெள்ளம் உள்ளே வந்ததால், வளவுக்கு கிரவல் கொட்டி நிரப்பினோம். ஏசி போன வருடம் மகனுக்காகப் பூட்டியது. இரவில் 20இல் விட்டுப் படுப்போம், காலையில் நிற்பாட்டி யன்னலைத் திறந்துவிடுவேன்.

சாம்பல்தீவு_பொடியன்

அக்கா, சீலிங் வட்டம் என்றால் சீற் ஒழுகுது. எங்கள் சீற்றும் மேலே கறுப்பாகப் பாசி பிடித்திருக்கு. மேலே ஏறி கம்பி பிரஷ்ஷால் நல்லாத் தேய்த்து, அழுத்தத் தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டால் ஒழுக்கு எங்கே என்று தெரியும்.

கிண்ணியா_நானா

தம்பி, அஸ்பெஸ்டஸ் சீற்றைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்கவே கூடாது. அதற்குள் இருக்கிற நார் கண்ணுக்குத் தெரியாத தூசியாகக் கிளம்பும். அது நெஞ்சுக்குள் போனால் வருத்தம் பல வருடத்துக்குப் பிறகுதான் தலைகாட்டும். அழுத்தத் தண்ணீரும் அதே கேடுதான், நார் கலந்த சேறு வளவெல்லாம் போகும், கிணற்றடிக்கும் போகும். துளை போடுவது, அரிவது, உடைப்பது எல்லாமே அப்படித்தான். சீற்றின் வெளிப்பக்கத்துப் பாசி வீட்டுக்குள் பூஞ்சணத்தைக் கொண்டுவராது. பழைய சீற்றில் கால் வைத்தால் உடைந்து கீழே விழுகிற ஆபத்தும் இருக்கு.

ஒழுக்குப் பார்க்கிறதென்றால் மழை நேரம் சீலிங் பலகை ஒன்றைக் கழற்றி, உள்ளே ரோர்ச் அடித்துப் பார்த்தால் போதும். பெரும்பாலும் சீற் பூட்டின ஆணியின் வாசர் வெயிலில் இத்துப்போய், அதன் வழியாகத்தான் இறங்கும்.

பழைய_ரிஓ

நானா சொன்னது நூற்றுக்கு நூறு. மகள், நீங்கள் பார்த்து எழுதியதே பாதி வேலை. உங்கள் அறையில் இருப்பது ஒரு பிரச்சினை இல்லை, மூன்று. மூன்று இடத்துக்கும் மூன்று வழியாகத் தண்ணீர் வருகிறது. அதனால்தான் ஒரே பெயின்ற் எதற்கும் உதவவில்லை.

அடியில் இருக்கிற வெள்ளை பூஞ்சணமே இல்லை, அது உப்பு. கொஞ்சம் சுரண்டி ஒரு கரண்டித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், கரைந்துவிடும். பூஞ்சணம் கரையாது. நிலத்து ஈரம் அத்திவாரத்தால் சுவருக்குள் ஏறுகிறது. ஏறும்போது மண்ணிலும் சாந்திலும் உள்ள உப்பையும் கரைத்துக்கொண்டு வருகிறது. தண்ணீர் காய்ந்துபோக, உப்பு மட்டும் பூச்சின் மேல் பூத்து, பெயின்ற்றைத் தள்ளுகிறது. அத்திவாரத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஈரம் ஏறாமல் ஒரு தடுப்புப் படை போட்டிருப்பார்கள், மேசன்மார் டிபிசி என்பார்கள். வளவு மண் அந்தப் படைக்குக் குறைந்தது 6 அங்குலம் கீழே நிற்க வேண்டும். நீங்கள் கிரவல் கொட்டியதில் மண் அந்தப் படையைத் தாண்டியிருக்கும். அதன் மேல் மல்லிகைப் பாத்தி வேறு, தினமும் தண்ணீர். நகருக்குள் ஒழுங்கை உயர உயர, எத்தனையோ நல்ல வீடுகளின் சுவர் இப்படித்தான் நனையத் தொடங்கியிருக்கிறது. அத்திவாரத்தைத் திட்டிப் பயனில்லை.

கறுப்புப் புள்ளிகள் உண்மையான பூஞ்சணம். அங்கே தண்ணீர் வெளியிலிருந்தோ நிலத்திலிருந்தோ வருவதாகத் தெரியவில்லை, அறைக்காற்றிலிருந்துதான் வருகிறது என்பது என் கணிப்பு. இரவு முழுக்க 20இல் ஏசி ஓடினால் அலுமாரியும் அதன் பின்சுவரும் குளிர்ந்து போயிருக்கும். காலையில் ஏசியை நிற்பாட்டி யன்னலைத் திறக்கிறீர்கள். வெளியே 28 பாகை வெப்பம், 80 சதவீத ஈரப்பதன் என்று வையுங்கள். அந்தக் காற்று 24 பாகைக்குக் கீழே குளிர்ந்த எதில் பட்டாலும் தண்ணீராகப் படியும். பிரிட்ஜிலிருந்து எடுத்த சோடாப் போத்தல் வியர்க்கிறதே, அதேதான். வெறும் சுவரில் படிந்தது பானுக்குக் காய்ந்துவிடும். அலுமாரிக்குப் பின்னால் காற்று அசையாது, அங்கேயே நிற்கும். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் நிற்க வேண்டும் என்றுகூட இல்லை. சுவரை ஒட்டிய காற்றில் ஈரப்பதன் 80 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து நின்றாலே பூஞ்சணத்துக்குப் போதும்.

சீலிங் வட்டம் மேலிருந்து வருவது. நானா சொன்ன வாசரைப் பாருங்கள், அப்புறம் கூரைத் தண்ணீர் ஓடுகிற பீலியைப் பாருங்கள். வேப்பஞ்சருகு அடைத்து, பீலி நிறைந்து, தண்ணீர் திரும்ப உள்பக்கம் விழுவது இங்கே வழக்கம்.

என் கணிப்பை நம்பி மட்டும் காசு செலவழிக்க வேண்டாம். குசினியில் இருக்கிற அலுமினியத் தாளில் ஒரு சாண் சதுரமாக இரண்டு துண்டு வெட்டுங்கள். ஒன்றை முழங்கால் உயரத்தில், இன்னொன்றைக் கறுப்புப் புள்ளி இருந்த இடத்தில், நாலு விளிம்பும் ரேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். அலுமாரியை முன்பு நின்ற இடத்திலேயே விட்டு, வழக்கம்போல ஏசியைப் பாவித்து, 24 முதல் 48 மணித்தியாலம் கழித்துப் பாருங்கள். தாளின் பின்பக்கம், சுவரைத் தொட்ட பக்கம், நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. முன்பக்கம் நனைந்திருந்தால் அது காற்றின் ஈரம்.

கணேஸ்_ரொறன்ரோ

பிறந்தது திருக்கடலூர், இப்போது ரொறன்ரோவில். இங்கே குளிர்காலத்தில் பேஸ்மென்ற்றில் இதே கதைதான். அறையின் ஈரப்பதனை 50 சதவீதத்துக்குள் வைக்கச் சொல்வார்கள். யன்னலை நன்றாகத் திறந்து வெளிக்காற்றை விட்டால் ஈரம் குறைந்துவிடும். அங்கேயும் அதைத்தான் செய்ய வேண்டும் என்பது என் கருத்து. நம் பழைய வீடுகளில் ஓட்டுக்கூரையும் சுவருக்கு மேல் காற்றுத் துவாரமும் இருந்தன. பூஞ்சணம் என்று கேள்விப்பட்டதே இல்லை.

மூதூர்_ஜெனி

கணேஸ் அண்ணா, உங்கள் ஊரில் குளிர்காலக் காற்று வறண்டது, உள்ளே வந்தால் ஈரத்தைக் குறைக்கும். இங்கே மார்கழி இரவில் வெளிக்காற்றே தண்ணீர்தான். மழை பெய்கிற இரவில் யன்னலைத் திறந்துவைத்தால் ஈரத்தை அழைத்து உள்ளே விடுவதாகத்தான் முடியும். நான் சின்ன ஈரப்பதன் மீற்றர் ஒன்று வாங்கி மேசையில் வைத்திருக்கிறேன். மாரியில் யன்னல் திறந்திருந்த இரவுகளில் 88, 90 காட்டியது. வெயில் எறித்த மத்தியானத்தில் திறந்தால் 65க்கு இறங்கும். அதனால் மழைவிட்டு வெயில் வந்த நேரமாகப் பார்த்து, எதிரெதிர் யன்னல் இரண்டையும் திறப்பேன், பின்னேரம் மூடிவிடுவேன்.

பழைய வீடுகளைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் அந்த வீடுகளில் ஏசியும் இல்லை, சீலிங்கும் இல்லை, எல்லாப் பக்கமும் காற்று எப்போதும் ஓடும். சுவரும் சுண்ணாம்பு. இப்போதைய பெட்டி அறைக்கு யன்னலை மட்டும் திறந்து அதைக் கொண்டுவர முடியாது.

பழைய_ரிஓ

ஜெனி சொல்வது இந்த ஊருக்குப் பொருந்தும். ஒரு விதிவிலக்கு உண்டு. குசினி, குளியலறை இரண்டிலும் உண்டாகிற ஆவி எந்தக் காலத்திலும் வெளியே போக வேண்டும். சோறு வடிக்கிறபோது, குளித்து முடித்த கையோடு, வெளியே தள்ளுகிற பான் ஓட வேண்டும். அந்தப் பான் சீலிங்குக்கு மேலே காற்றை விடக் கூடாது, சுவரைத் தாண்டி வெளியே விட வேண்டும். நான் பார்த்த பல வீடுகளில் பைப்பை சீலிங்குக்குள்ளேயே விட்டிருந்தார்கள், மரச்சட்டமெல்லாம் இத்துப்போய் நின்றது.

மாரியில் அறைக்குள் கொடி கட்டித் துணி காயப்போடுவதையும் சொல்ல வேண்டும். பிழிந்த துணியில் உள்ள அத்தனை தண்ணீரும் அந்த அறைக் காற்றுக்குள்தான் போகிறது. விறாந்தையில் கட்டுங்கள், காய இரண்டு நாள் கூட எடுத்தாலும் பரவாயில்லை.

மனையாவெளி_ரவி

தாதி அக்கா, சொன்னதற்கு நன்றி. எனக்கு ஒரு கேள்வி. கறுப்புப் பூஞ்சணம் என்றால் நஞ்சு, இரத்தத்தில் கலக்கும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ சுற்றுகிறது. உண்மையா?

தாதி_அக்கா

நிறத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது தம்பி. கறுப்பாக இருப்பதில் பல வகை உண்டு. பெரும்பாலும் வீட்டில் காண்பது வெளியே இலைகுழையிலும் வளர்கிற சாதாரண வகைகள்தான். என்ன வகை என்று பரிசோதிக்கக் காசு கொடுக்கவும் வேண்டாம், எந்த வகையானாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அகற்றி, ஈரத்தை நிறுத்துவது.

அதற்காக லேசாக எடுக்கவும் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2009இல் வீட்டு ஈரமும் பூஞ்சணமும் பற்றித் தனியாக ஒரு வழிகாட்டி வெளியிட்டது. ஈரமான வீட்டில் இருப்பவர்களுக்கு இருமல், இழுப்பு, ஆஸ்துமா, மூச்சுக்குழாய் தொற்று கூடுதலாக வருவதை அதில் சொல்லியிருக்கிறார்கள். ஆஸ்துமாப் பிள்ளைகள், வயதானவர்கள், புற்றுநோய் மருந்து எடுப்பவர்கள், சிறுநீரகம் மாற்றியவர்கள் இருக்கிற வீட்டில் கூடக் கவனம் வேண்டும்.

சுத்தம் செய்கிற விதமும் முக்கியம். காய்ந்த விளக்குமாற்றால் கூட்டவோ, உலர்வாகச் சுரண்டவோ வேண்டாம், வித்தெல்லாம் காற்றில் ஏறும். மின்விசிறியை நிற்பாட்டி, அறைக்கதவைச் சாத்தி, யன்னலைத் திறந்து, என்95 முகக்கவசமும் கையுறையும் போட்டு, சலவைத்தூள் கரைத்த தண்ணீரில் துணியை நனைத்துத் துடையுங்கள். துணியை அடிக்கடி மாற்றுங்கள். துடைத்த பிறகு காயவிட வேண்டும், இல்லாவிட்டால் நாம் ஊற்றிய தண்ணீரே அடுத்த பூஞ்சணத்துக்கு வழி. ஒரு மீற்றர் சதுரத்துக்கு மேல் படர்ந்திருந்தால் வீட்டில் இழுப்பு உள்ள எவரும் அந்த வேலையில் கை வைக்க வேண்டாம்.

இன்னொன்று. மணம் போகட்டும் என்று அந்த அறைக்குள் சாம்பிராணி போடாதீர்கள். வெள்ளிக்கிழமை சாமி அறையில் போடுவதைச் சொல்லவில்லை. பிள்ளை படுக்கிற மூடிய அறையில் புகை நின்றால் இழுப்பு கூடும், பூஞ்சணம் அப்படியே இருக்கும்.

கிண்ணியா_நானா

வெள்ளம் புகுந்த வீட்டுக்காரருக்கும் ஒரு வார்த்தை. எங்கள் பக்கம் மகாவலி பெருகினால் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் நிற்கும். தண்ணீர் வடிந்த பிறகு 24 முதல் 48 மணித்தியாலத்துக்குள் காயவைக்க முடிந்ததெல்லாம் தப்பும், அதற்கு மேல் போனால் பூஞ்சணம் முந்திக்கொள்ளும். அதனால் முதலில் மெத்தை, தலையணை, மரத்தூளை அழுத்திச் செய்த சிப்போட் அலுமாரி, கார்ப்பட் எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டும். பஞ்சு மெத்தை வெள்ளத்தில் ஊறினால் அதை வெயிலில் போட்டுக் காப்பாற்றலாம் என்று நினைக்காதீர்கள். மேல் காய்ந்திருக்கும், நடுவில் ஈரம் வாரக்கணக்கில் நிற்கும். சிப்போட் ஊதிவிட்டால் அதுவும் போனதுதான். தேக்கு, பாலை, முதிரைச் சாமான் என்றால் கழுவி, நிழலில் காற்றோட்டமாக வைத்துக் காயவிட்டால் மீண்டுவரும். நேர் வெயிலில் வைத்தால் வெடிக்கும்.

காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் படம் நனைந்தால் பதறி ஒட்டினதைப் பிரிக்க வேண்டாம். ஒரு பிளாஸ்ரிக் பையில் போட்டு பிரீசரில் வையுங்கள். உறைந்த கடதாசியில் பூஞ்சணம் வளராது. வீட்டு வேலை ஓய்ந்த பிறகு ஒவ்வொன்றாக எடுத்து, வெள்ளைக் கடதாசிக்கு நடுவில் வைத்து உலர்த்தலாம். கறண்ட் இல்லாத இடத்தில், கண்டவுடன் நிழலில் பரப்பி பானுக்குக் கீழ் வைக்கிற வழிதான், அதற்கும் பக்கத்து வீட்டு ஜெனரேற்றரைக் கேட்க வேண்டும்.

மூதூர்_ஜெனி

அலுமாரிக்கு நான் செய்வதைச் சொல்கிறேன். பூச்சி உருண்டை பூச்சிக்குத்தான், பூஞ்சணத்தைத் தடுக்காது. மணத்தால் அது ஏதோ செய்கிற மாதிரித் தோன்றும், அவ்வளவுதான். ஈரம் இழுக்கிற கல்சியம் குளோரைட் டப்பா கடையில் விற்கிறார்கள். மூடிய அலுமாரிக்குள் நன்றாக வேலை செய்யும், அடியில் சேர்கிற தண்ணீரைச் சேலையில் சிந்தாமல் ஊற்ற வேண்டும். திறந்த அறைக்கு அதை வைப்பது வீண். பட்டுச்சேலையை பிளாஸ்ரிக் உறையில் இறுக்கி வைக்காமல், பழைய பருத்திச் சீலையில் சுற்றி வையுங்கள். பாதிக் காய்ந்த சட்டையை அலுமாரிக்குள் மடித்து வைத்தால் அந்த ஒன்று மற்ற எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

சுகி_லிங்கநகர்

எல்லோருக்கும் பதில் சொல்லப் பிந்திவிட்டது. தாள் ஒட்டிப் பார்த்தேன். முழங்கால் உயரத்துத் தாளைப் பிரித்தபோது பின்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர், முன்பக்கம் காய்ந்திருந்தது. மேலே அலுமாரிக்குப் பின்னால் ஒட்டியதில் நேர்மாறு. யன்னலைத் திறந்து கொஞ்ச நேரத்தில் முன்பக்கம் பனி படர்ந்த மாதிரி மங்கிப்போனது, விரலால் கோடு இழுக்க முடிந்தது. பின்பக்கம் உலர்வாகவே இருந்தது. ஐயா சொன்னது அப்படியே.

வெள்ளையைத் தண்ணீரில் போட்டேன், கரைந்துவிட்டது. நாக்கில் வைத்துப் பார்த்த என் மாமா உப்பு என்கிறார். பீலிக்குள் ஒரு சாக்கு நிறைய வேப்பஞ்சருகு. சீலிங் பலகையைக் கழற்றிப் பார்த்ததில் ஒரு ஆணியடியிலும் ஒழுகின தடம் இருக்கிறது. என் கணவர் மல்லிகையைப் பிடுங்கி முன்பக்கம் நட்டுவிட்டார். கிரவலை சுவரிலிருந்து இரண்டு அடி அகலத்துக்கு வெட்டி இறக்குகிறோம். இனி ஏசிக்கு என்ன செய்வது? மகனுக்கு வெக்கை தாங்காது, அதை விட முடியாது. சுவருக்கு இப்போதே புதுப் பூச்சுப் பூசலாமா?

பழைய_ரிஓ

மகள், ஏசியை விட வேண்டியதில்லை, ஓட்டுகிற விதத்தை மாற்றினால் போதும். 26இல் வைத்து, மேலே மின்விசிறியை மெதுவாக விடுங்கள். மாரி இரவுகளில் ரிமோட்டில் இருக்கிற ‘ட்றை’ முறையைப் பாவியுங்கள், அது குளிரைவிட ஈரத்தை எடுப்பதில் கவனமாக இருக்கும். காலையில் நிற்பாட்டியவுடன் யன்னலைத் திறக்காதீர்கள். முதலில் மின்விசிறியை மட்டும் ஓடவிட்டு, சுவரில் கை வைத்தால் குளிர் தெரியாத அளவுக்கு வந்த பிறகு திறவுங்கள். பில்டரைக் கழுவுங்கள், தண்ணீர் போகிற குழாய் அடைபடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே ரோர்ச் அடித்து விசிறிச் சுருளில் கறுப்புத் தெரிந்தால் சேர்விஸ் செய்பவரைக் கொண்டு கழுவுங்கள், இல்லாவிட்டால் அதுவே வித்தை அறையெங்கும் ஊதும். அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு கை நுழைகிற அளவு, 4 அங்குலம், தள்ளிவையுங்கள். முடியுமானால் வெளிச்சுவருக்குப் பதிலாக உள்சுவரோடு வையுங்கள்.

பூச்சு இப்போது வேண்டவே வேண்டாம். நவம்பரும் டிசம்பரும் இந்த ஊரில் சராசரியாகத் தலா 300 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டுகிற மாதங்கள். அந்த நீர் இன்னும் உங்கள் சுவருக்குள் இருக்கிறது. உப்பு ஏறின பூச்சை இப்போது கொத்தி எடுத்துவிடுங்கள், கறை நின்ற மட்டத்துக்கு மேல் இன்னும் ஒரு அடி சேர்த்து. கல் தெரியட்டும். அப்படியே திறந்து வையுங்கள். பார்க்க அழகாக இராது, உறவுக்காரர் கேட்பார்கள், பரவாயில்லை. மேயில் கச்சான் காற்று தொடங்கும். அந்த வறண்ட காற்று சுவரிலிருந்து இழுக்கிற ஈரத்தை எந்த மெசினும் இழுக்காது. பூக்கிற உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி, பொறுக்கி வெளியே கொட்டுங்கள். கழுவினால் திரும்ப உள்ளேதான் போகும். யூலை, ஆகஸ்டில் அலுமினியத் தாளைத் திரும்ப ஒட்டிப் பாருங்கள். பின்பக்கம் காய்ந்திருந்தால் பூசலாம்.

பூசும்போது மணலைப் பாருங்கள். கடல் மணல் ஒரு கூடைகூட கலக்கக் கூடாது. அதிலுள்ள உப்பு மழை இல்லாத நாளிலும் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், எந்த மருந்தாலும் அதை நிறுத்த முடியாது. ஆற்று மணல்தான், வந்து இறங்கும்போது நீங்களே நின்று பாருங்கள். சாந்தில் சுண்ணாம்பு சேர்க்கச் சொல்லுங்கள். மேலே பிளாஸ்ரிக் தோல் மாதிரி மூடுகிற பெயின்ற்றை உள்பக்கம் அடிக்க வேண்டாம். ஈரம் வெளியேற வழி இல்லாவிட்டால் அது இன்னும் மேலே ஏறும், முழங்காலில் நின்றது இடுப்புக்கு வரும். சுண்ணாம்பு அடித்தால் சுவர் மூச்சுவிடும், அதன் காரத்தில் பூஞ்சணம் லேசில் ஒட்டாது. வருடாவருடம் அடிக்க வேண்டும் என்பதுதான் அதிலுள்ள சிரமம்.

குச்சவெளி_வதனி

நான் வாடகை வீட்டில். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் இந்தப் பக்கமாகக் கரையேறின இரவு வடகிழக்குச் சுவரில் பாய்ந்த தண்ணீர், யன்னல் சட்டத்தைச் சுற்றி உள்ளே வந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு மாரிக்கும் யன்னலைச் சுற்றிக் கறுப்பு. வீட்டுக்காரர் பெயின்ற் அடித்துத் தருகிறேன் என்கிறார், வேறு எதற்கும் சம்மதிக்கிறாரில்லை. நாங்கள் என்ன செய்ய முடியும்?

பழைய_ரிஓ

பிள்ளை, பெயின்ற் காசைவிடக் குறைந்த செலவில் முடியும் என்று அவருக்குக் காட்டுங்கள். யன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் வெடிப்பு இருக்கும். காய்ந்த காலத்தில் வெளிப்பக்கமாக சிலிக்கோன் அடைத்து, யன்னல் அடிக்கல் வெளிப்பக்கம் சரிந்து நிற்கிறதா என்று பார்த்தால் போதும். அடிக்கல் உள்பக்கம் சரிந்திருந்தால் எத்தனை அடைப்பு அடைத்தாலும் தண்ணீர் உள்ளேதான். மேலே ஒரு தகரச் சரிவு போட்டால் வாடை மழை நேரே அடிக்காது. மழை பெய்யும்போது கைபேசியில் ஒரு வீடியோ எடுத்து, தண்ணீர் எந்த இடத்தால் வருகிறது என்று காட்டுங்கள். பேச்சைவிட அது வேலை செய்யும்.

சுகி_லிங்கநகர்

ஐயா, பூச்சு கொத்துகிற வேலை இந்தக் கிழமை தொடங்குகிறது. ஈரத் துணியால் கறுப்பு முழுதும் துடைத்தாயிற்று, தாதி அக்கா சொன்னபடி நானும் இவரும் மட்டும், மகனை அம்மா வீட்டில் விட்டுவிட்டு. வாசர் மாற்ற ஒருவரை ஒழுங்கு செய்திருக்கிறோம், ஏணியில் நின்று சட்டத்தின் மேல் பலகை போட்டுத்தான் ஏற வேண்டும் என்று சொல்லிவிட்டேன். ஒன்று மட்டும் கேட்க வேண்டும். கொத்தின சுவரோடு அந்த அறையில் மகனைப் படுக்கவைக்கலாமா, அல்லது பூசி முடியும் வரை வேண்டாமா?

தாதி_அக்கா

கொத்துகிற தூசி அடங்கி, அறையை இரண்டு தரம் ஈரத் துணியால் துடைத்த பிறகும் முன் ஹோலிலேயே வையுங்கள் சுகி. உப்புப் பொடி உதிர்ந்துகொண்டே இருக்கும், அதுவும் அவன் நெஞ்சுக்கு ஆகாது. பூசிக் காய்ந்த பிறகு போகட்டும். கிளினிக்குக்குப் போகும்போது இந்த மாதம் இழுப்பு வந்த இரவுகளையும் வராத இரவுகளையும் எழுதின தாளைக் கொண்டுபோங்கள், மருந்தைக் குறைக்கலாமா என்று வைத்தியர் அதை வைத்துத்தான் முடிவெடுப்பார்.